பட்டறை முடிந்த பிறகு என்ன?

வசதி குறைந்த பெண்களுக்குத் தையல், கேக் பயிற்சிகள் நம் நாட்டில் அடிக்கடி நடக்கின்றன. இரண்டு நாள் பட்டறை முடிந்ததும் கையில் இருப்பது வருகைச் சான்றிதழும் குழுப்படமும்தான். தனியாகப் பிள்ளைகளை வளர்க்கும் தாய்க்கு அந்தத் தாள் வேலை வாங்கித் தருமா?

முதலாளிகள் மதிப்பது எஸ்.கே.எம். எனும் மலேசியத் திறன் சான்றிதழை. இது 2006ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ் வழங்கப்படுகிறது. வகுப்புக்குப் போகாமலேயே, அனுபவத்தை ஆதாரங்களுடன் காட்டியும் இதைப் பெறலாம். அந்த வழிக்கு பி.பி.டி. என்று பெயர். வீட்டிலேயே பல ஆண்டுகளாக ரவிக்கை தைத்துவரும் அக்காக்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

தெரிந்தாலும், ஆதாரக் கோப்பைத் தயாரிக்க வேண்டும், கட்டணமும் உண்டு. மாலைக்கும் பதாகைக்கும் செலவிடும் பணத்தில் ஏற்பாட்டாளர்கள் சிலருக்கு அந்தக் கட்டணத்தைக் கட்டலாம். கோப்பு தயாரிக்க மாணவர்களாகிய நாம் உதவலாம். தைத்த துணிகளைப் படமெடுத்து, செய்முறையைக் கேட்டு எழுத ஒரு விடுமுறை போதாதா? அக்காக்களிடம் திறன் இருக்கிறது. அதற்கு அங்கீகாரம் வாங்கித் தருவதும் சமூகசேவைதான்.