அம்மாவுக்கு லீவு உண்டா?

"அப்பாவுக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று ஆபீஸில் பக்கத்து சீட்காரர் அக்கறையாக விசாரிப்பார். "அப்பாவைப் பார்த்துக்கிற உங்க அம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்பவர் அபூர்வம். அமெரிக்காவில் ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் கேட்டார்கள். அதுவும் கையில் ஓட்டை போட்டு!

டிமென்ஷியா என்கிற மறதி நோய் வந்த உறவினரைப் பராமரிக்கும் 13 பெண்கள். அதே வயசு, அதே மாதிரி வருமானம், ஆனால் அந்தச் சுமை இல்லாத இன்னொரு 13 பெண்கள். ஜானிஸ் கீகோல்ட்-கிளேசர் என்ற மனோதத்துவ நிபுணரின் குழு, எல்லோர் கையிலும் மூன்றரை மில்லிமீட்டருக்கு ஒரு குட்டிக் காயம் போட்டது. (சம்மதம் வாங்கிக்கொண்டுதான் சார்!) காயத்தில் ஹைட்ரஜன் பெராக்ஸைடு விட்டால் பொங்கும் இல்லையா? பொங்குவது நின்றால் ஆறிவிட்டது என்று கணக்கு.

சுமை இல்லாதவர்களுக்கு சராசரியாக 39 நாளில் ஆறியது. பராமரிக்கிறவர்களுக்கு ஒன்பது நாள் கூடுதல். காயம் பட்ட இடத்துக்கு ஆள் அனுப்பச் சொல்லும் இன்டர்லூக்கின் என்ற ரசாயனம் அவர்கள் ரத்த அணுக்களில் சரியாக ஊறவில்லை. 1995-ல் 'லான்செட்'டில் வந்த ஆராய்ச்சி இது. 26 பேர் சின்னக் கூட்டம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1999-ல் பிட்ஸ்பர்க் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டது இன்னும் கொஞ்சம் கலவரமானது. நோயாளியான கணவனையோ மனைவியையோ பராமரித்து, அதில் திணறிய முதியவர்கள் நாலு வருஷத்தில் இறக்கும் வாய்ப்பு, அந்தப் பொறுப்பு இல்லாதவர்களைவிட 63 சதவீதம் அதிகம். பராமரித்தும் திணறாதவர்களிடம் அப்படிப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆக, ஆளைத் தின்பது வேலை இல்லை, திணறல்.

நம் வீட்டுக்கு வருவோம். ராத்திரி எட்டரைக்குத் திரும்பும் பிள்ளையிடம் அப்பா, "வாப்பா, இன்னிக்கு வேலை ஜாஸ்தியா?" என்று சமர்த்தாகக் கேட்பார். கொஞ்ச நேரம் பார்க்கிறவர்கள் முன்னால் இந்த நோயாளிகள் நன்றாகவே சமாளிப்பதுண்டு. பிள்ளை உடனே, "நல்லாத்தானே இருக்கார், நீதாம்மா சும்மா டென்ஷன் ஆகறே" என்று தீர்ப்பு சொல்லிவிட்டு டி.வி. ரிமோட்டைத் தேடுவான். காலையில் அவர் "என் பென்ஷனைத் திருடிட்டே" என்று கத்தியதும், சாயங்காலம் "வீட்டுக்குப் போகணும்" என்று சொந்த வீட்டில் நின்றுகொண்டு செருப்பைத் தேடியதும் இவனுக்கு எங்கே தெரியும்? முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியவர் "நீ யாரும்மா?" என்று கேட்டால், அதற்கு எந்தக் கடையில் மருந்து?

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாக நீங்கள் டூட்டி பாருங்கள். சாப்பாடு, மாத்திரை, பாத்ரூம், ஒரே கேள்விக்கு நாற்பது தடவை பதில், எல்லாமும்தான். பெண்டாட்டி தலையில் கட்டிவிட்டு கிரிக்கெட் பார்த்தால் அது டூட்டி ஆகாது. அம்மா தங்கை வீட்டுக்குப் போகட்டும், இல்லை சும்மா தூங்கட்டும். சென்னையில் ஸ்கார்ஃப், 1992-ல் கேரளத்தில் தொடங்கிய ஏ.ஆர்.டி.எஸ்.ஐ. போன்ற அமைப்புகள் பராமரிக்கிறவர்களுக்கும் வழி சொல்கிறார்கள்.

அடுத்த தடவை அப்பா ஃபைலோடு டாக்டரிடம் போகும்போது, அம்மா பெயரிலும் ஒரு டோக்கன் போட்டுவிடுங்கள்.