சர்க்கரை நோய்ப் பிரிவும் வீடியோ மருத்துவமும்: சங்கத்தின் நிலைப்பாடு

நம் பகுதிச் சுகாதார நிலையம் ஒன்றில் சர்க்கரை நோயாளிகளை மருத்துவர் நேரில் பார்க்கும் நாள்களைக் குறைத்து, மீதி நாள்களில் வீடியோ அழைப்பில் பார்ப்பது என்ற முடிவு பற்றிச் செயற்குழு இரவு வெகுநேரம் பேசியது. சுவரில் ஒட்டிய காகிதத்தைப் பார்த்துத்தான் நமக்கே இந்த முடிவு தெரிந்தது.

தொலைமருத்துவத்தைச் சங்கம் எதிர்க்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்று பலர் வற்புறுத்தினார்கள். இங்கே ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்வர 100 கிலோமீட்டருக்கு மேல் ஆகிறது. மாத்திரை அளவை மாற்ற மட்டும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பஸ் ஏற யாருக்கும் ஆசையில்லை. இ-சஞ்சீவனி என்ற அரசுத் தொலைமருத்துவச் சேவையில் பேசிய சிலர், மருத்துவர் நிதானமாகக் கேட்டதாகச் சொன்னார்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து மாத்திரையும் வாசலுக்கு வருகிறது. பழைய மாத்திரையைத் தொடரவும் ரத்தப் பரிசோதனை முடிவைக் காட்டிக் கேட்கவும் வீடியோ போதும் என்பது பெரும்பான்மைக் கருத்து.

கால் விஷயத்தில் அப்படி விட முடியாது.

சின்னப்பாலம் பக்கம் கடல்பாசி எடுக்கும் பெண்கள் விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு பாரில் (கடலடிப் பாறையில்) இறங்குகிறார்கள். பார் கிழித்தால் நல்ல காலுக்கு வலிக்கும். ஏறி வந்து கட்டுப் போடுவார்கள். சர்க்கரையில் நரம்பு செத்த காலுக்கு வலிக்காது. அதே காலோடு மறுநாளும் உப்புத்தண்ணீரில் இறங்குவார்கள். கரைவலை இழுப்பவருக்கும், சுடுமணலில் கருவாடு காயப்போடுபவருக்கும் இதே கதிதான். செருப்பு கழன்றது தெரியாமல் வீடுவரை நடந்து வந்தவர் நம் சங்கத்திலேயே இருக்கிறார். கால்விரலை எடுக்க வேண்டிவந்தவர்களும் இருக்கிறார்கள்.

காலைப் படம் எடுத்து அனுப்பலாமே என்று இளைய உறுப்பினர்கள் கேட்டார்கள். புண் வந்த பிறகு படத்தில் தெரியும். மரத்துப்போனது எந்தப் படத்திலும் தெரியாது. கண்ணை மூடச் சொல்லி, 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டு, "தெரியுதாம்மா?" என்று ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும். புறங்காலில் நாடி பிடித்துப் பார்க்க வேண்டும். சில நிமிட வேலை. அந்தச் சில நிமிடத்தை எங்களிடமிருந்து மிச்சம் பிடித்து யாருக்குக் கொடுக்கப் போகிறார்கள்? (இந்த வரியை எடுத்துவிடலாம் என்று சிலர் கருதினர். எடுக்கவில்லை.)

தொலைமருத்துவம் என்றால் தொடாமல் பார்ப்பது என்று யார் சொன்னது? 2006-ல், அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்துச் சூணாம்பேடு ஊரைச் சுற்றி 42 கிராமங்களுக்கு நீரிழிவு மருத்துவர் வி. மோகன் குழுவினர் இஸ்ரோ செயற்கைக்கோள் இணைப்போடு வேன் அனுப்பினார்கள். விழித்திரையைப் படம் பிடிக்கும் கருவியும், கால் நரம்பைச் சோதிக்கும் கருவியும் வேனுக்குள்ளேயே இருந்தன. ஊரிலேயே நீரிழிவு மையமும் திறந்தார்கள். இங்கே தருவதாகச் சொல்வது ஒரு மேசை, ஒரு மடிக்கணினி.

மற்றவை சுருக்கமாக. தனுஷ்கோடிப் பக்கம் போனால் செல்போன் இலங்கை டவரைப் பிடிக்கிறது. இன்சுலின் வைக்க ஃபிரிட்ஜ் இல்லாத வீடுகளைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. பத்துப் பேர் நிற்கும் அறையில் திரையைப் பார்த்துப் பேசப் பெண்கள் கூசுகிறார்கள்.

2020 மார்ச் 25-ல் மத்திய அரசு வெளியிட்ட தொலைமருத்துவ நெறிமுறைப்படி நோயாளியின் சம்மதம் வேண்டும். எந்தக் கட்டத்திலும் வேண்டாம் என்று அவர் நிறுத்தலாம். நேரில் பார்க்கும் நாளையே எடுத்துவிட்டுச் சம்மதமா என்று கேட்பது என்ன நியாயம்?

ஆகவே வீடியோ ஆலோசனை நேரடி நாள்களோடு கூடுதலாக வரட்டும், அவற்றுக்குப் பதிலாக வேண்டாம். ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒவ்வொருவருடைய காலையும் கண்ணையும் நேரில் பார்க்க வேண்டும். மரத்த கால் உள்ளவர்களை இன்னும் அடிக்கடி. யார் பார்ப்பது என்பதில் ஒருமித்த கருத்து வரவில்லை. இப்போதைக்கு 'மருத்துவர் அல்லது பயிற்சி பெற்ற செவிலியர்' என்று எழுதுகிறோம்.

வரும் திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் இதை மனுவாகக் கொடுக்கிறோம். அன்று விசைப்படகு கடலுக்குப் போகும் நாள் என்பது தெரியும். போகிறவர்கள் போகட்டும், வீட்டுக்கு ஒருவராவது சர்க்கரை நோட்டை எடுத்துக்கொண்டு காலை பத்து மணிக்குள் வந்துவிட வேண்டும்.