சிப்பாடானின் வரம்பைப் பவளம் முடிவு செய்யட்டும்

மாண்புமிகு சபா மாநில முதலமைச்சர் அவர்களுக்கு,

சிப்பாடான் தீவைக் காக்க உங்கள் மாநிலம் எடுத்த முடிவுகளை மதித்தே இதை எழுதுகிறேன். 2002 டிசம்பரில் அனைத்துலக நீதிமன்றம் அந்தத் தீவு மலேசியாவுக்கு உரியது என்று தீர்ப்பளித்தது. 2004 முடிவதற்குள் அங்கே வருமானம் தந்துகொண்டிருந்த விடுதிகள் அனைத்தும் அகற்றப்பட்டன. முக்குளிக்க வருவோருக்கு நாளொன்றுக்கு 120 பேர் என்ற வரம்பும் வந்தது. இப்போது நவம்பர் மாதம் முழுதும் தீவுக்கு ஓய்வு தருகிறீர்கள். ஆனால் 120 என்ற எண் பின்னாளில் 176 ஆனது. இனி அந்த எண்ணை நகர்த்துவதென்றால், கேட்டு வருவோர் எத்தனை பேர் என்பதைப் பார்த்து அல்ல, பவளத்தின் நிலையைப் பார்த்தே நகர்த்த வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

கணக்கைப் பாருங்கள். 176 பேரும் ஆளுக்கு இரண்டு முறை மட்டுமே மூழ்கினாலும் நாளுக்கு 352 முக்குளிப்புகள். நவம்பர் நீங்கலாக ஆண்டுக்கு ஏறத்தாழ 1,18,000. தீவைச் சுற்றியுள்ள முக்குளிக்கும் இடங்களைப் பன்னிரண்டாகக் கொண்டு சமமாகப் பிரித்தால் ஓரிடத்துக்கு 9,800. ஓரிடத்தில் ஆண்டுக்கு 5,000 முதல் 6,000 முக்குளிப்புகளைத் தாண்டினால் பவளச் சேதம் கூடத் தொடங்கும் என்பது 1990களிலிருந்தே கடல் ஆய்வாளர்கள் சொல்லிவரும் அளவு. சமமாகப் பிரிவதும் ஏட்டில்தான். ஊலா மீன்கள் சுழன்று திரளும் பாரகூடா பாயின்ட் என்ற இடத்தைப் பார்க்காமல் திரும்ப யாருக்கு மனம் வரும்?

அந்த அளவு வேறு கடல்களில் கண்டது, இங்கே பொருந்தாது என்பார்கள். நியாயமான மறுப்பு. சிப்பாடான் அறுநூறு மீட்டர் ஆழத்திலிருந்து செங்குத்தாக எழும் தீவு; சுவரை ஒட்டி நீரோட்டத்தோடு மிதந்து செல்பவரின் துடுப்பு பவளத்தில் படும் வாய்ப்பு, ஆழமற்ற திட்டில் இருப்பதைவிடக் குறைவு. அப்படியானால் சிப்பாடானுக்கே உரிய அளவை அங்கேயே கண்டறிய வேண்டும். அதைக் கண்டறியும் முன் எண்ணைக் கூட்டுவதை இந்த மறுப்பு நியாயப்படுத்தாது. பவளத்தை அழிப்பது முக்குளிப்போரா, வெடி வைத்து மீன் பிடிப்பதும் சூடேறும் கடலும் அல்லவா என்பது அடுத்த கேள்வி. அவை பெரிய கேடுகள்தான். 2024இல் உலகெங்கும் பவளங்கள் வெளுத்தன. ஆனால் வெளுத்த பவளம் மீண்டு வருகிற காலத்தில் அதன்மேல் மண் கிளறுவதும் கிளை ஒடிப்பதும் பொறுக்கத்தக்கவை ஆகிவிடா. பாறைபோல் திரளும் பவளம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் வளர்கிறது. கடலின் சூட்டைத் தணிப்பது உங்கள் கையில் இல்லை. அனுமதிச் சீட்டு உங்கள் கையில் இருக்கிறது.

கரையிலுள்ள செம்போர்ணா நகரில் படகோட்டிகளும் விடுதித் தொழிலாளர்களும் வழிகாட்டிகளும் இந்தக் கடலை நம்பியே அடுப்பெரிக்கிறார்கள் என்பதே எனக்குக் கனமாகப் படும் மறுப்பு. அதற்கு விடையை ஓர் ஆய்விலேயே காண்கிறேன். கரீபியனின் செயின்ட் லூசியாவில் முந்நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட முக்குளிப்போரைக் கவனித்து 2004இல் வெளியான ஆய்வு அது. மூழ்கும் முன் அறிவுரை சொன்னதால் மட்டும் அவர்கள் பவளத்தில் படுவது குறையவில்லை; நீருக்குள் வழிகாட்டி உடனே தடுத்துத் திருத்தியபோதுதான் வெகுவாகக் குறைந்தது. ஆகவே ஒரு வழிகாட்டியின் பொறுப்பில் இருப்போர் எண்ணிக்கையைச் சட்டமாகக் குறையுங்கள். வேலையும் கூடும், சேதமும் குறையும். சீட்டுக் கட்டணத்தில் ஒரு பங்கை அந்த வழிகாட்டிகளின் பயிற்சிக்கு ஒதுக்கலாம்.

தீவு முழுமைக்கும் ஒரே எண் என்பதை விட்டு, ஒவ்வோர் இடத்துக்கும் தனி வரம்பு வையுங்கள். ஆண்டுதோறும் நவம்பரில் தீவு காலியாக இருக்கும்போது பவளத்தை அளந்து, அந்த அளவைச் செம்போர்ணா மக்களும் படிக்கும்படி வெளியிடுங்கள். முதல் அறிக்கை வரும்வரை 176ஐத் தாண்டி ஒரு சீட்டும் வேண்டாம். அதில் சரிவு தெரிந்தால் பழைய 120க்கே திரும்புவீர்கள் என்ற உறுதியை இப்போதே தாருங்கள்.

இப்படிக்கு,
கடல்மேல் அக்கறையுள்ள ஒருவர்