யார் கையெழுத்து?

மதுரையை அடுத்த நாகமலை புதுக்கோட்டையிலிருந்து ஒரு சர்க்கரை நோயாளி கண் பரிசோதனைக்குப் போகிறார். சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் படம் எடுக்கிறார்கள். அந்தப் படத்தைப் படிப்பது மனிதரா, கணினியா? அவருக்குத் தெரியாது. தெரிவித்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் வெளிப்படையாகக் கட்டளையிடவில்லை. ‘கண்ணுக்கு ஒன்றுமில்லை’ என்று வந்த முடிவு தவறாகிப் பார்வை போய்விட்டால் யாரைக் கேட்பது? அதற்கும் சட்டத்தில் நேரான பதில் இல்லை.

இந்த நிலையில்தான் செயற்கை நுண்ணறிவை நம்புங்கள் என்று மக்களிடம் கேட்கிறார்கள். கேட்க என்ன தகுதி இருக்கிறது?

மதுரைக்கு இந்தத் தொழில்நுட்பம் புதிதல்ல. விழித்திரைப் படத்தைப் படிக்கக் கணினியைப் பழக்கிய ஆய்வைக் கூகுள் 2016-இல் வெளியிட்டது. அதற்குப் பயன்பட்டவை 1,28,175 படங்கள். அமெரிக்கப் படங்களோடு மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை, சென்னை சங்கர நேத்ராலயா, பெங்களூரு நாராயண நேத்ராலயா ஆகியவற்றின் படங்களும் அந்த ஆய்வில் சேர்ந்தன. நம் மக்களின் கண்களைப் பார்த்துத்தான் அந்தக் கணினி பாடம் படித்தது.

பிறகு அரவிந்திலும் சங்கர நேத்ராலயாவிலும் 3,049 நோயாளிகளிடம் அதைச் சோதித்தார்கள். முடிவை மறைக்காமல் 2019-இல் அச்சிட்டார்கள். அரவிந்தில், மருத்துவரிடம் அனுப்பியாக வேண்டிய நிலையில் இருந்தவர்களில் 88.9 சதவீதம் பேரைக் கணினி கண்டுபிடித்தது. அதாவது நூற்றுக்குப் பதினொரு பேரைத் தவறவிட்டது.

அந்தப் பதினொரு பேரைப் பற்றித்தான் கேட்கிறோம். விழித்திரைப் பாதிப்பு தொடக்கத்தில் வலிக்காது. பார்வையும் மங்காது. மங்கத் தொடங்கும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். போன பார்வையை முழுதாக மீட்க முடியாது. ‘ஒன்றுமில்லை’ என்ற ஒரு சொல்லை நம்பி அடுத்த ஆண்டு வரை வீட்டில் இருந்துவிடுபவருக்கு அந்தச் சொல்லே கேடு.

மனிதரும் தவறுவார். அதே ஆய்வில் படங்களைப் படித்த மனிதர்களும் தவறியிருக்கிறார்கள். ஆனால் மருத்துவர் பெயர் போட்டுக் கையெழுத்திடுகிறார். அவர் மீது மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். கணினிக்கு எந்தக் கவுன்சில்?

அளந்து பார்த்தது தேர்ந்த கண் மருத்துவமனைகளில். கருவி போகவிருப்பதோ மின்தடையும் மெதுவான இணையமும் உள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு. அங்கே என்ன நடக்கும் என்பதைத் தாய்லாந்து காட்டிவிட்டது. அந்நாட்டின் 11 மருத்துவ நிலையங்களில் இதே கருவியைப் பயன்படுத்திய அனுபவம் 2020-இல் வெளியானது. செவிலியர் எடுத்த 1,838 படங்களில் 21 சதவீதத்தைக் கணினி படிக்கவே மறுத்தது. வெளிச்சம் சரியில்லை, படம் தெளிவில்லை. படம் சரியில்லாதவர்களை வேறு ஊர்க் கண் மருத்துவரிடம் போகச் சொன்னார்கள். நம் ஊரில் அப்படிச் சொன்னால் அது ஒரு நாள் கூலி. துணைக்கு வரும் மகனுக்கோ மகளுக்கோ இன்னொரு நாள் கூலி.

எச்சரிக்கை வந்து ஆண்டுகள் ஓடிவிட்டன. ஆட்சியாளர்கள் என்ன செய்தார்கள்?

2020 ஏப்ரல் 1 முதல் மருத்துவ மென்பொருளும் சட்டப்படி மருத்துவக் கருவிதான். உரிமம் வழங்குவதோடு அரசின் கடமை முடிந்துவிடாது. 2023-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் பத்து நெறிகளை வகுத்தது. பொறுப்புடைமை அதில் ஒன்று. நோயாளியின் தன்னுரிமை இன்னொன்று. நல்ல நெறிகள். மீறினால் தண்டனை? இல்லை. வெறும் வழிகாட்டுதல்.

அதே ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. விதிகள் வர 2025 நவம்பர் ஆயிற்று. முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர மேலும் 18 மாத அவகாசம். உடல்நலத் தகவலுக்கு இந்தச் சட்டத்தில் தனிக் காப்பு கிடையாது. தவறிழைத்த நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. அந்தப் பணம் போவது அரசின் தொகுநிதிக்கு. பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தரத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் இருந்த 43-ஏ பிரிவையும் இந்தச் சட்டம் நீக்குகிறது. கண்ணைக் கொடுத்தவருக்கு ஒரு காசில்லை.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமே என்பார்கள். எல்லோராலும் போக முடியாது. எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனைகள் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. பணம் கட்டிப் பார்ப்பவருக்கு ஒரு வாசல் திறந்திருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தையும் பெரியாஸ்பத்திரியையும் நம்பியிருப்பவருக்கு அந்த வாசலும் அடைப்பு. கருவியை யாரிடம் அதிகம் பயன்படுத்தப் போகிறார்களோ, அவர்களுக்குத்தான் அங்கே முறையிட இடமில்லை. இதைவிடப் பெரிய அநீதி இல்லை.

மத்திய அரசை மட்டும் சாடி மாநில அரசைத் தப்பவிட மாட்டோம். பாதுகாப்பான, அறம் சார்ந்த செயற்கை நுண்ணறிவுக் கொள்கையைத் தமிழ்நாடு 2020-இலேயே வெளியிட்டது. மக்களுக்கான கருவிகளை மதிப்பெண் போட்டுச் சோதிக்கும் அட்டை ஒன்றையும் அதில் வகுத்தது. எழுதியவர்கள் அதன்படி நடக்க வேண்டும். செல்பேசியில் கண்ணைப் படமெடுத்துக் கண்புரையைக் கண்டறியும் ‘இ-பார்வை’ செயலியை அரசின் மின்னாளுமை முகமையே உருவாக்கியது. அதற்கு எத்தனை மதிப்பெண்? எத்தனை கண்களில் சோதித்தார்கள்? எத்தனை பேரைத் தவறவிட்டது? ஊரறியச் சொல்லுங்கள். ஒரு மருத்துவமனையால் தன் பிழைக் கணக்கைத் தசமப் புள்ளியோடு உலகுக்குச் சொல்ல முடிகிறது. அரசால் ஏன் முடியாது?

இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கும் மேல். இத்தனை விழித்திரைகளையும் பார்க்க மருத்துவர்கள் போதாது. கருவி வேண்டும். வேண்டும் என்பதாலேயே அதற்குக் கடிவாளமும் வேண்டும்.

படம் எடுக்கும் முன்பே, கணினி படிக்கப் போகிறது என்று தமிழில் சொல்லுங்கள். வேண்டாம் என்பவருக்கு மருத்துவரைக் காட்டுங்கள். ஒவ்வொரு மாவட்டத்திலும் கருவி தவறவிட்டது எத்தனை, வீணாக அலையவிட்டது எத்தனை என்று ஆண்டுதோறும் வெளியிடுங்கள். பிழையால் பார்வை இழப்பவருக்கு இழப்பீட்டைச் சட்டமாக்குங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. நோயாளி கையில் கொடுக்கும் சீட்டில், முடிவுக்குப் பொறுப்பேற்கும் மருத்துவரின் பெயரும் பதிவு எண்ணும் கையெழுத்தும் இருக்க வேண்டும். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை, ஓர் அரசாணை போதும். மக்கள் நல்வாழ்வுத் துறை அதை உடனே பிறப்பிக்க வேண்டும்.