போர்வையை முடித்துக் கொடுக்க என்ன கூலி?

போருக்குப் பின்னர் வன்னியின் பெண் தலைமைத்துவக் குடும்பங்களுக்கு வாழ்வாதார உதவியாகத் தையல் மெசின்கள் பரவலாக வழங்கப்பட்டன. ஆனால் தைப்பதற்கான கூலியை யார் தீர்மானிப்பது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

ஒட்டுத்துணிப் போர்வையை எடுத்துக்கொள்வோம். துண்டுகளை இணைப்பதை மெசின் விரைவாகச் செய்துவிடும். நடுவில் பஞ்சு வைத்து, மூன்று அடுக்கையும் கையால் இழையோடி, கரை கட்டி முடிப்பதுதான் நாட்களை விழுங்கும். இந்த வேலையை 'மிச்சம்தானே' என்று குறைத்துப் பேசுவது எளிது.

கணக்குப் பார்ப்போம். 2026 ஜனவரி முதல் நாளாந்த ஆகக்குறைந்த தேசிய வேதனம் 1,200 ரூபா. முடிப்பதற்குப் பத்து நாட்கள் சென்றால் கூலி மட்டும் 12,000 ரூபா. நூலும் பஞ்சும் வேறு. அதையே 4,000 ரூபாவுக்கு ஒப்புக்கொண்டால், நாளொன்றுக்குக் கிடைப்பது 400 ரூபா. அது 2016ஆம் ஆண்டுச் சட்டம் முதன்முதலில் நிர்ணயித்த தொகை. இடையில் 2022இன் பொருளாதார நெருக்கடியும் வந்து போய்விட்டது.

தொழிற்சாலையில் தைப்பவருக்குச் சட்டமும் ஊழியர் சேமலாப நிதியும் உண்டு. வீட்டில் துண்டுக் கணக்கில் தைப்பவர் 'சுயதொழில் செய்பவர்' ஆகிவிடுகிறார். வீட்டுவழித் தொழிலாளருக்கான 1996ஆம் ஆண்டின் 177ஆம் இலக்க சர்வதேச தொழில் சமவாயத்தை இலங்கை இன்னும் ஏற்று உறுதிப்படுத்தவில்லை. நுண்கடன் தவணை வாசலில் நிற்கும்போது தனியொரு பெண்ணால் பேரம் பேச முடியாது.

மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்கள் கூடி, துண்டுக்கு அல்லாமல் நாளுக்கு ஒரு கூலியை நிர்ணயிக்கலாம். வாங்குபவர்களும், புலம்பெயர்ந்த உறவுகள் உட்பட, விலையைக் கேட்கும் முன் எத்தனை நாள் வேலை என்று கேட்க வேண்டும்.