கிறிஸ்தவ நாவலைப் பரிந்துரைக்கணுமா? முதல் வரிகளை அனுப்புங்க!

'படிங்க, விசுவாசம் பெருகும்' என்று சொல்லி ஒரு நாவலைக் கொடுத்தால் பலரும் நைசாக நழுவிவிடுவார்கள். உள்ளே பிரசங்கம் இருக்குமோ என்ற பயம்தான்!

அதைவிட நல்ல வழி, தொடக்க வரிகளைப் பகிர்வது. ஏன்? கதை மனிதரின் கஷ்டத்தில் தொடங்குகிறதா, போதனையில் தொடங்குகிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

ஜான் பன்யனின் 'மோட்ச பிரயாணம்' (1678) கந்தல் உடை, முதுகில் பெருஞ்சுமையோடு அழும் ஒருவனைக் காட்டித் தொடங்குகிறது. ஹெச்.ஏ.கிருஷ்ணபிள்ளை இதைத் தழுவித்தான் 'இரட்சணிய யாத்திரிகம்' பாடினார்.

ஜேனட் ஓக்கின் 'லவ் கம்ஸ் சாஃப்ட்லி'யில் (1979), பிழைக்க வந்த இடத்தில் கணவரைப் பறிகொடுத்த இளம்பெண். 2005-ல் புலிட்சர் வென்ற மெரிலின் ராபின்சனின் 'கிலியட்'டில், மரணத்தை எதிர்நோக்கும் முதிய போதகர் தன் சின்ன மகனுக்குக் கடிதம் எழுதுகிறார்.

மூன்றிலும் ஆறுதலுக்கு முன்னால் வலி வருகிறது. அந்த வலி, சர்ச்சுக்கே போகாதவருக்கும் புரியும்தானே?

தொடக்கம் நல்லா இருந்தா முழு நாவலும் நல்லா இருக்கும்னு உத்தரவாதம் இல்லைதான். ஆனால், படிக்கலாமா வேண்டாமா என்ற முடிவை வாசகரிடமே விடுகிறோம். நம்பிக்கை பற்றிய கதைக்கு அந்த மரியாதை ரொம்ப முக்கியம்.