உடல்நலப் பகுதி: முழங்காலைக் காக்கும் கயிறுகள்

மைசூர் மைன்ஸ் மக்களுக்குக் கயிற்றின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் 3,000 மீட்டருக்கும் கீழே நம் முன்னோர் இறங்கி ஏறியது எஃகுக் கயிற்றை நம்பியேயாம். 2001-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. ஆயினும் நம் ஒவ்வொருவர் முழங்காலிலும் அத்தகைய கயிறுகள் இன்றும் உழைக்கின்றன. அவற்றைப் பற்றி இத்திங்கள் சிறிது கூற விழைகிறோம்.

முழங்கால் வெறும் கதவுக் கீல் அன்று. தொடையெலும்பின் உருண்ட முனை, ஏறக்குறையத் தட்டையான கணைக்காலெலும்பின்மீது உருண்டும் வழுக்கியும் இயங்குகிறது. அதை நெறிப்படுத்துவன எலும்போடு எலும்பைப் பிணைக்கும் நார்கள்; மருத்துவர் இவற்றை லிகமெண்ட் என்பர். மூட்டின் நடுவே இரண்டு நார்கள் குறுக்கிட்டு நிற்கின்றன. முன் நார் கணைக்கால் முன்னே நழுவாமலும், பின் நார் பின்னே நழுவாமலும் தடுக்கும். பக்கத்திற்கு ஒன்றாக உள்ள மற்ற இரண்டும் முழங்கால் உள்ளும் புறமும் சாயாமல் காக்கும். காலை முழுதும் நீட்டுங்கால் கணைக்கால் சற்றே வெளிப்புறம் திரும்ப, நார்கள் இறுகி மூட்டு பூட்டிக்கொள்ளும். நெடுநேரம் நிற்க நேரினும் தொடைத்தசை எளிதில் சோராதிருப்பது இதனாலேயே.

பந்தாட்டத்தில் பாதம் தரையில் ஊன்றியிருக்க, உடல் மட்டும் சட்டெனத் திரும்பினால் முன் நார் அறுதல் உண்டு. சில மணி நேரத்தில் மூட்டு வீங்கும். சில வாரங்களில் வீக்கம் வடிந்து நோவும் தணியவே, ‘வெறும் சுளுக்கு’ என்று விட்டுவிடுகிறோம். கேடு இங்கேதான் தொடங்குகிறது. உட்பக்க நார் பெரும்பாலும் தானே கூடும்; முற்றும் அறுந்த முன் நார் எளிதில் கூடுவதில்லை. படியிறங்குகையில் கால் திடீரென நழுவும். அவ்வாறு நழுவ நழுவ, இடையே மெத்தைபோல் அமைந்த குருத்தெலும்பு கிழிந்து, நாளடைவில் மூட்டுத் தேய்வு வரலாம்.

மண்டியிட்டும் குந்தியும் ஆண்டுக்கணக்கில் உழைத்தாலும் அக்குருத்தெலும்பு சிதையக்கூடும். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் முழங்கால் தேய்வைப் பிரிட்டன் 2009-இல் தொழில்நோய் என ஏற்றது. ஆகவே நம் இல்லத்துப் பழைய தொழிலாளர் முழங்கால் நோவென்றால், ‘வயதாகிவிட்டது’ என்று தள்ளுதல் தகாது.

வீங்கிய முழங்காலைப் பிடித்திழுத்து நீவ இடந்தராதீர்கள். எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். நார் அறுந்தோர் அனைவருக்கும் அறுவைச் சிகிச்சை வேண்டுவதில்லை. மருத்துவர் கற்பிக்கும் பயிற்சியால் தொடைத்தசை வலுப்பெறின், அதுவே மூட்டைத் தாங்கும். கயிற்றைச் சோதித்த பின்னரே கூண்டை இறக்குவது சுரங்க முறை. அடிபட்ட காலோடு மீண்டும் ஆடப் புகும் பிள்ளைகளுக்கும் அம்முறையையே பெற்றோர் விதிப்பாராக.